நாலாம் அத்தியாயத்துக்கு முன் நீ படிக்க வேண்டியது

கண்ணு,

இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் எழுந்து போய்விட்டேன். ஒரு தடவை காய்ந்த துணியை எடுக்க, ஒரு தடவை பிரஷர் மாத்திரை போட, ஒரு தடவை ஒரு காரணமும் இல்லாமல் தெருமுனை வரைக்கும். போனில் சொல்லிவிட்டால் முடிந்ததே என்று நீ நினைப்பாய். போன வாரம் போனில்தான் உன்னிடம் பொய் சொன்னேன். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் சொல்வேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷம் பால்வாடியில் பதிவேடு எழுதினவள் நான். எழுதி வைத்த எழுத்து, எழுதினவள் மறந்த பிறகும் எங்கேயோ ஓர் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்காமலேயே அத்தனை வருஷமும் எழுதியிருக்கிறேன். இப்போது அந்த எழுத்து உன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வாரமாகச் சோறு உள்ளே இறங்கவில்லை.

அன்றைக்கு உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பி.எச்டி. சேர்ந்த இந்த மூன்றரை வருஷத்தில் நீ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அம்மா, மலையில இருக்கற சென்டருங்களோட பழைய எடைப் பதிவேடெல்லாம் பாக்கறதுக்கு அனுமதி குடுத்துட்டாங்க. உன் சென்டரும் அதுல இருக்குதும்மா" என்றாய். அந்த மழை வருஷத்தைப் பற்றிச் சொன்னாய். ரோடு உடைந்து மூன்று மாசம் சத்துமாவு மேலே ஏறவில்லை, மற்ற சென்டர்களில் எல்லாம் பிள்ளைகளின் எடை இறங்கிவிட்டது, என் சென்டரில் மட்டும் மாசா மாசம் ஏறிக்கொண்டே போகிறது என்றாய். "எப்படிம்மா? இன்னா பண்ண நீ?" என்று கேட்டாய். உன் கைடு அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, இதுதான் உன் ஆராய்ச்சியின் உயிர், நாலாவது அத்தியாயம் முழுக்க இந்த ஒரு சென்டரைப் பற்றியே எழுது என்று சொன்னாராம். அது உன் அம்மா வேலை செய்த இடம் என்று சொன்னதற்கு, அதையும் மறைக்காமல் எழுது என்றாராம். மாவு இல்லாமலேயே, ஒரு பணியாளர் வீடு வீடாகப் போய்ப் பேசியே பிள்ளைகளைத் தேற்ற முடியும் என்றால், மாவுக்குச் செலவு பண்ணுவதை அரசாங்கம் யோசிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு தயாராகப் போகிறது என்றும் சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "ஆமா கண்ணு, வூடு வூடா போயி பாத்துக்கினேன்" என்றேன். ஒரு நிமிஷம் எனக்கே அது நிஜம் போலத்தான் இருந்தது.

அப்புறம் நீ ஒன்று கேட்டாய். "சில பக்கத்துல மட்டும் கையெழுத்து வேற மாதிரி குண்டு குண்டா இருக்குதே, யாருதும்மா?" சமையல் செய்த அக்கா எழுதியிருப்பாள் என்றேன். அந்த அக்காவுக்குத் தன் பேரை எழுதவே வராது, கைநாட்டுதான் வைப்பாள் என்பது உனக்கும் தெரியும். சந்தோஷத்தில் உனக்கு அது தோன்றவில்லை. தோன்றும். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம் தோன்றும். அதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிட வேண்டும்.

நீ சின்னசேலம் ஸ்டேஷனில் ரயில் ஏறின நாளிலிருந்து ஊரில் எனக்கு ஒரே கேள்விதான். "உன் பொண்ணு இன்னா டாக்டரு? ஊசி போடற டாக்டரா?" இல்லை, பொதுக் கொள்கையில் ஆராய்ச்சி என்பேன். "அப்படின்னா?" என்பார்கள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. லீவில் வந்தபோது உன்னிடம் கேட்டேன். நீ கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாய்: "மேல ஒக்காந்து ஒரு திட்டம் போடறாங்கம்மா. அது கீழ வந்து சேரும்போது வேற ஒண்ணா ஆயிடுது. நடுவுல எங்க, ஏன் மாறுதுன்னு கண்டுபுடிக்கறதுதான் என் வேல." நான் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். எங்கே மாறியது என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் எழுந்து போனேன்.

முதல் வருஷம் நீ பட்ட பாடும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. புள்ளியியல் வகுப்பில் ஒன்றும் புரியவில்லை, எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள், எனக்குக் கையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்று அழுதாய். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். நான் தைரியம் சொன்னேன். கேள்வி கேட்க நீ ஏன் பயப்பட்டாய் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் அதை மட்டும் சொல்லவில்லை. அதற்கும் வருகிறேன்.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். உன் அப்பா உளுந்தூர்பேட்டையில் லாரிப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே எனக்கு இந்த வேலை கிடைத்தது. மலையில் அப்போது பத்தாவது பாஸ் பண்ணின பெண் கிடைக்காததால் கீழே இருந்த என்னைப் போட்டார்கள். நீ மூன்றாவது படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு இந்த வேலைதான் நம் இரண்டு பேருக்கும் எல்லாம். காலையில் முதல் பஸ்ஸில் மலைமேல் கரியாலூர் போய் இறங்கி, அங்கிருந்து நடந்து சென்டருக்குப் போவேன். ஊர் பேரை இங்கே எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியும். வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன் கண்ணு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு பொய்க்காரியாகவே என்னை நினைத்துவிடுவாயோ என்ற பயத்தில் சொல்கிறேன். தராசை விட்டத்தில் மாட்டி, பிள்ளையை அந்த நீலத் துணிக்குள் உட்கார வைத்து, அது கத்தி அடங்கி முள் ஆடாமல் நிற்கிற வரைக்கும் காத்திருந்து எழுதுவேன். சாமை விதைப்பு நேரத்தில் தாய்மார்கள் வரமாட்டார்கள் என்று தராசைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்கே போயிருக்கிறேன்.

அந்த வருஷம் மழை பிடித்தது நிற்கவில்லை. ரோடு இரண்டு இடத்தில் சரிந்தது. பஸ் பாதி தூரம்தான் வரும், மீதியை நடப்பேன். மாவு மூட்டை கீழேயே நின்றுவிட்டது. முட்டையும் வரவில்லை. முதல் மாசத்து எடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு பச்சைப் பட்டையில் இருந்த பிள்ளைகள் மஞ்சளுக்கு வந்தார்கள். மஞ்சளில் இருந்த ஏழெட்டு பேர் அதற்கும் கீழே, ஆரஞ்சுக்குப் போனார்கள். ஆரஞ்சு என்றால் உடனே கள்ளக்குறிச்சிக்கு அனுப்பி டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. அதை எழுதிக்கொண்டு போய் மீட்டிங்கில் வைத்தேன்.

சூப்பர்வைசர் அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னாம்மா இது? அடுத்த மாசம் மேலேர்ந்து ஒரு குழு வருது. கரியாலூருக்குக் கிட்ட இருக்கறது உன் சென்டருதான், அங்கதான் இட்டுக்கினு போவாங்க. இத்தினி ஆரஞ்ச காட்டினா நான் இன்னா பதில் சொல்றது?"

"மாவே வர்லீங்களே மேடம்" என்றேன்.

"மாவு வர்லன்னு எனக்குத் தெரியாதா? அத எழுதினா மாவு அனுப்பாதவனா மாட்டுவான்? நீயும் நானும்தான் மாட்டுவோம். சென்டர மூடிடுவாங்க. உனக்கு ஒரு பொண்ணு கீது இல்ல? போன மாச எடையோட எரநூறு எரநூறு கிராம் கூட்டிப் போட்டு எடுத்துக்கினு வா. பழைய பக்கத்தையும் திருத்தி எழுதிடு."

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு மேலே ஒருவர், அந்த ஒருவருக்கு மேலே இன்னொருவர். பயம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து என்னிடம் நின்றது. நான் அதை எங்கே இறக்கி வைத்தேன் என்றால், தராசில் தொங்கின பிள்ளைகள் மேல். நீ படிக்கிற கொள்கைப் புத்தகங்களில் இந்தப் பயத்துக்கு ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் நீ எழுது.

புது நோட்டு ஒன்றை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு விரல் வீங்கியிருந்தது, வேகமாக எழுத முடியவில்லை. நீ அப்போது எட்டாவது. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தாய். உன்னைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். அந்தக் குண்டுக் கையெழுத்து உன்னுடையது கண்ணு. உன் கைடு உயிர் என்று சொன்ன பக்கங்களில் பாதியை எழுதியது நீதான்.

உனக்கு இது ஞாபகம் இல்லை என்றே நினைக்கிறேன். எனக்கு இருக்கிறது. இரண்டாவது பக்கம் எழுதும்போது நீ பேனாவை நிறுத்தினாய். "ஏம்மா எல்லாருக்கும் எரநூறாவே ஏறுது? ஒரு புள்ளைக்குக்கூட காய்ச்சல் வர்லியா?" என்று கேட்டாய். நான் கையில் இருந்த ஸ்கேலால் உன் விரலில் அடித்தேன். "சொன்னத எழுதுடி. பெரிய கலெக்டரு, கேள்வி கேக்க வந்துட்டா" என்றேன். நீ அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மீதியை எழுதி முடித்தாய். அதற்குப் பிறகு வீட்டில் நீ என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் புள்ளியியல் வகுப்பைப் பற்றி நீ சொல்லி அழுதபோது எனக்கு அந்த ஸ்கேல்தான் ஞாபகம் வந்தது. இப்போது நீ கற்றுக்கொண்டிருக்கிற அத்தனை முறையும் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்குத்தானே? பதின்மூன்று வயசில் உனக்கு அது தானாக வந்தது. நான் அடித்தேன். நான் உனக்குச் செய்ததிலேயே பெரிய தப்பு அது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் போன் வந்த பிறகுதான் அதைவிடப் பெரியது ஒன்று நடக்கப் போகிறது என்று தெரிந்தது.

மேலே இருந்து குழு வந்தது. சரிந்த இடத்தில் மண்ணை ஒதுக்கி அவர்கள் ஜீப்புக்கு மட்டும் வழி பண்ணியிருந்தார்கள். மழையில் கரியாலூருக்கு மேல் நடக்க முடியாது என்று, ஜீப்பில் உட்கார்ந்தபடியே பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு மலை இறங்கிப் போய்விட்டார்கள். என் பிள்ளைகளில் ஒன்றைக்கூட அவர்கள் பார்க்கவில்லை.

இனி ராசாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அலமேலுவின் மூன்றாவது பெண். ஒன்றரை வயசு. அலமேலுவின் புருஷன் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருந்தான். அந்த மாசம் ராசாத்தியின் எடை ஆறு கிலோ அறுநூறு. மழைக்கு முன்னால் இருந்த எடையோடு மாசா மாசம் இருநூறு கூட்டி, எட்டு கிலோ நானூறு என்று எழுதினேன். பதிவேட்டில் மட்டும் இல்லை, அலமேலு வீட்டில் வைத்திருந்த அட்டையிலும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் இல்லையா? அந்த அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தபோது அலமேலு எதிரில்தான் நின்றாள். "தேவலாமா டீச்சரே?" என்றாள். "தேவலாம், பச்சையிலதான் கீது" என்றேன்.

அடுத்த இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. அலமேலு தூளியாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்து, பால் வண்டியோ எதுவோ பிடித்துக் கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அன்றைக்கு அங்கே காய்ச்சல் கூட்டம். அங்கிருந்த நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, எடை நல்லாத்தான் இருக்கு, பயப்படாத என்று சொல்லி உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். என் கையெழுத்தை நம்பினாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை நான் சென்டருக்குப் போனதும் சமையல் அக்கா சொன்னாள்: "அலமேலு பொண்ணு பூட்ச்சி டீச்சரே. நேத்து சாயங்காலமே எடுத்துட்டாங்க."

நான் போனேன். அலமேலு அழுது முடித்திருந்தாள். உள்ளே போய் அந்த அட்டையை எடுத்து வந்து, "இது இனிமே எனக்கு எதுக்கு? வேற புள்ளைக்கு ஆவும்னா வச்சிக்குங்க" என்று என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு சென்டருக்கு வந்து அடுப்பில் போட்டேன். சூப்பர்வைசர் அம்மாவிடம் சொன்னதற்கு, இறப்பு என்று எழுதினால் விசாரணை வரும், எடை எட்டு கிலோ என்று இருக்கிற பிள்ளை எப்படிச் செத்தது என்று கேட்பார்கள், குடும்பம் ஊரை விட்டுச் சென்றது என்று எழுது என்றார். எழுதினேன். உன் பதிவேட்டில் ராசாத்திக்கு நேராக அதுதான் இருக்கும். தேடிப் பார். எடை கிடைக்காதவர்கள் என்று நீ ஒதுக்கி வைத்தவர்களில் அவளும் ஒருத்தியாக இருப்பாள்.

அதற்கடுத்த மாசத்திலிருந்து நான் ஒரு கிராம்கூட மாற்றி எழுதவில்லை. அதற்குள் ரோடு சரியாகி மாவும் வந்துவிட்டது. என் சென்டரில் எல்லாப் பிள்ளைகளின் எடையும் ஒரே மாசத்தில் சரிந்து விழுந்திருப்பதை நீ பார்த்திருப்பாய். உன் கைடு அதைத்தான் ரொம்ப முக்கியம் என்று சொன்னாராமே, மாவு திரும்ப வந்ததும் பணியாளர் வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டார், அதனால் எடை குறைந்தது என்று. கண்ணு, அது எடை குறைந்த மாசம் இல்லை. பொய் நின்ற மாசம்.

அந்த மாசம் சூப்பர்வைசர் அம்மா என்னை மெமோ கொடுப்பேன் என்று மிரட்டினார். கொடுங்க என்றேன். கொடுக்கவில்லை. அந்தத் தைரியம் எனக்கு ஒரு மாசம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

நீ இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது எழுதின கட்டுரையைத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினாய். மலையேறிப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றின ஒரு பெண்ணின் மகள் நான் என்று ஆரம்பித்திருந்தாய். அப்போதே சொல்லியிருக்கலாம். உனக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் உனக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். நினைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் எனக்காகத்தான்.

இப்போது நான் பயப்படுவதைச் சொல்கிறேன். உன் மூன்று வருஷ உழைப்பு என்னால் மண்ணாகுமே என்று பயம். நீ என்னிடம் பேசாமல் போய்விடுவாயோ என்று பயம். பென்ஷனை நிறுத்துவார்களோ, போலீஸ் வருமோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். ஆனால் இதையெல்லாம்விட இரண்டு பயம் பெரியது. ஒன்று, அந்தக் குறிப்பு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய், மாவு இல்லாமலேயே பிள்ளைகள் தேறுகிறார்கள் என்று யாரோ ஒருவர் நம்பி, எங்கேயோ ஒரு மலையில் மூட்டை ஏறாமல் நிற்பது. ஒரு மழை வருஷத்தில் நான் செய்ததை, அச்சுப் போட்டு எல்லா வருஷத்துக்கும் செய்ததாகிவிடும். இன்னொன்று, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ அம்மாவைக் காப்பாற்றுவதற்காக இதைக் கிழித்துப் போட்டுவிடுவாயோ என்பது. நீ என் வயிற்றில் பிறந்தவள். அதனால்தான் அந்தப் பயம். உனக்கு அதற்கு வழி வைக்கக் கூடாது என்று இதை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று உன் கைடுக்கு. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றாய். நீயே படித்துச் சொல். இதை யார் படித்தாலும் எனக்குச் சம்மதம். சூப்பர்வைசர் அம்மா பேரை நான் எழுதவில்லை, நீயும் எழுதாதே. அவர் இப்போது உயிரோடு இல்லை. என்னைப் பற்றி எழுத வேண்டியதை எழுது.

தபாலில் போடுவதற்கு முன்னால் போன புதன்கிழமை மலைக்குப் போய்விட்டு வந்தேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள் என்று தோன்றியது. ரோடு இப்போது நன்றாக இருக்கிறது. பஸ்ஸில் அருவி பார்க்கப் போகிற பிள்ளைகள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்கு இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. அலமேலு மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. "வாங்க டீச்சரே, ரிடேராயிட்டீங்கன்னு சொன்னாங்க" என்று எழுந்து வந்தாள். உட்காருங்கள் என்று வரப்பில் இடம் தட்டிக் கொடுத்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று நின்றபடியே சொன்னேன். ஆறு அறுநூறு, எட்டு நானூறு, எல்லாவற்றையும்.

அவள் கொஞ்ச நேரம் கையில் இருந்த களைக்கொத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம், "எனக்குத் தெரியும் டீச்சரே" என்றாள்.

"எப்படி?"

"தூக்கிக்கினு திரிஞ்சவளுக்குக் கனம் தெரியாதா? பெரியவ அந்த வயசுல இடுப்புல ஒக்காந்தா இடுப்பு நோவும். இவ ஒக்காந்திருக்கறதே தெரியாது. ஆனா நீங்க பச்சைன்னு சொன்னீங்க. படிச்சவங்க எழுதி வச்சிருக்காங்க, என் கைக்குத்தான் தப்பா தெரியுதுன்னு நெனச்சிக்கினன்."

அவளே கேட்டாள். "அந்த அட்டைய உங்க கையில குடுத்தன் இல்ல, இன்னா பண்ணீங்க?"

"அடுப்புல போட்டுட்டேன் அலமேலு."

"அவ பேரு போட்டு எங்ககிட்ட இருந்த காயிதம் அது ஒண்ணுதான்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "போட்டோ கூட கெடையாது. அப்புறமா ஒரு நாளு கேக்கலாம்னு வந்தன். நீங்க நோட்டு எழுதிக்கினு இருந்தீங்க. திரும்பிட்டன்."

பதிவேட்டில் அவள் பேர் இன்னும் இருக்கிறது, அது இப்போது என் பெண்ணிடம் இருக்கிறது என்றேன். "அதுல இன்னா எழுதிக்கிது?" என்று கேட்டாள். குடும்பம் ஊரை விட்டுச் சென்றது என்று எழுதியிருக்கிறது என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாங்க எங்க போனோம்?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அங்கேதான் அவள் வீடு. அந்தக் காட்டின் ஓரத்தில்தான் பிள்ளையைப் புதைத்திருக்கிறார்கள். அப்போதுதான் வரப்பில் உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். நான் கேட்டதே காதில் விழாதது போல, உன் படிப்பைப் பற்றிக் கேட்டாள். என்ன படிக்கிறாள், எதற்கு அந்த நோட்டு, அதை எழுதினால் யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில், "உங்க பொண்ண வரச் சொல்லுங்க. அந்த மழையில இங்க இன்னா நடந்துச்சின்னு நான் சொல்றன். இந்த ஊர்ல அந்த வருஷம் போனது எம் பொண்ணு ஒண்ணு மட்டும் இல்ல. மத்தவங்களையும் இட்டாறன், அவங்களும் சொல்வாங்க" என்றாள். எழுந்து புடவையில் மண்ணைத் தட்டிக்கொண்டு, "நீங்க கூட வர வாணாம்" என்றாள்.

ராசாத்தி ஒருத்திதான் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றப் பிள்ளைகள் தப்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சிலர் நிஜமாகவே வேலைக்காக ஊரை விட்டுப் போயிருந்தார்கள். போன இடத்தில் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டுப் பார்த்ததே இல்லை. எத்தனை பேர் என்று அவளிடம் கேட்க அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஆகவே நீ வர வேண்டும். களத்துக்குப் போவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினார்களே, யாரையும் துன்பப்படுத்த மாட்டோம் என்று சொல்லித் தாளில் சம்மதக் கையெழுத்து வாங்குவீர்களே, அந்தத் தாளைத் தமிழில் எழுதிக்கொண்டு வா. அலமேலுவுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டு. பாதியில் அவள் போதும் என்றால் பேனாவை மூடிவிடு. டீச்சர் மகள் என்று உனக்கு டீ போட்டுக் கொடுத்து உபசாரம் செய்வார்கள், அதை வைத்து அவர்கள் மன்னித்துவிட்டார்கள் என்று எழுதிவிடாதே. நீ எட்டாவது படிக்கும்போது அந்தப் பக்கங்களை எழுதியதையும் அவளிடம் நீயே சொல். என்னைப் பற்றி அவர்கள் என்ன சொன்னாலும் அப்படியே எழுது. வார்த்தையைத் தேய்த்து வழவழப்பாக்காதே. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அவர்களுக்கு விளக்கம் சொல்லப் போகாதே. விளக்கம் வேண்டுமானால் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, அதற்கு மேல் என்னிடம் கிடையாது.

நாலாவது அத்தியாயம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை படிப்பு இன்னும் இரண்டு வருஷம் இழுக்கும். ஒருவேளை உன் கைடு உன்னை வேண்டாம் என்றே சொல்லிவிடுவார். அந்தப் பட்டம் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். ஆனால் ராசாத்திக்கு எட்டு கிலோ நானூறு என்று இன்னொரு தடவை உன் கையால் எழுதி வாங்குகிற பட்டம் என்றால் எனக்கு வேண்டாம். உனக்கும் வேண்டாம் என்றுதான் நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதும்போதே பயமாகத்தான் இருக்கிறது.

நீ வருகிற அன்றைக்கு நான் கரியாலூர் வரைக்கும் வருகிறேன். அதற்கு மேல் வரமாட்டேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எவ்வளவு நேரம் ஆனாலும். நீ இறங்கி வரும்போது, என்ன சொன்னார்கள், எத்தனை பேர் என்று நான் கேட்கமாட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன். உனக்குப் பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்ல வேண்டாம் கண்ணு. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தாலும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன்.

அம்மா